சாட்டைத்தேள் தோலுரித்த மதியம்

சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தபோது இரண்டேகால் மணி, மீன் தொட்டிக்குள் சாட்டைத்தேள் மரப்பட்டையின் அடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்குவது புதிதில்லை, பகலெல்லாம் பட்டையில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் இன்றைக்குக் கால்களை ஊன்றியிருந்த விதமே வேறாக இருந்தது, ஆறு கால்களையும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டு, முன்னால் இருக்கிற நூல் மாதிரியான இரண்டு சாட்டைக் கால்களையும் கீழே தளரவிட்டிருந்தது, மற்ற நாளில் அந்த இரண்டும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது, கண்ணாடியை, மண்ணை, தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை. சுவர்க்கோழிப் பூச்சி பிடித்துப் போட்டேன், தொடவில்லை, ஒரு கரப்பான் குஞ்சு அதன் முதுகில் ஏறி இறங்கிப் போனது, அப்போதும் அசையவில்லை, ஆகவே எனக்குத் தெரியும், தோலுரிக்கப் போகிறது. நாற்காலியை மெதுவாகத் தூக்கி, இழுக்காமல் தூக்கி, தொட்டிக்கு இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், மின்விசிறியை நிறுத்தினேன், செருப்பைக் கழற்றினேன், ஏன் என்றால் போன வருஷம் இன்னொன்று இருந்தது, இதைவிடச் சின்னது, அது இப்படித் தொங்கிக்கொண்டிருந்தபோது நான் ஒன்றும் தெரியாமல் தொட்டியை நகர்த்தித் தரையைத் துடைத்தேன், பொத்தென்று விழுந்துவிட்டது, பாதித் தோலோடு மண்ணில் கிடந்தது, கால்கள் கோணல்மாணலாக இறுகிப்போய் இரண்டு நாள் உயிரோடு இருந்துவிட்டுச் செத்தது. அந்த இரண்டு நாளும் நான் ஆபீசுக்கு லீவு போட்டேன். காய்ச்சல் என்று எழுதிக்கொடுத்தேன்.

இது கொட்டாது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், யாரிடம் சொன்னாலும் முதலில் கேட்பது அதுதான். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன், சிலந்தியையும் நண்டையும் ஒன்றாக வைத்து நசுக்கினாற்போல் தட்டையான உடம்பு, முன்னால் முள்முள்ளாக மடித்து வைத்த இரண்டு கைகள், ஒரு சாட்டைக் காலை முழுக்க நீட்டினால் என் உள்ளங்கையைத் தாண்டிவிடும், பக்கவாட்டில் நடக்கும், ஆனால் வால் கிடையாது, கொடுக்கு கிடையாது, விஷம் கிடையாது. நாலு வருஷத்துக்கு முன்னால் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிற ஒருவர் பத்திரம் தேடி எங்கள் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்திருந்தார், அவரிடம் ரெக்கார்டு ரூம் கல் சுவரின் இடுக்கைக் காட்டி, இது என்ன சார் என்று கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டு, அட, சாட்டைத்தேள், வால் இல்லாத வகை, ஒண்ணும் பண்ணாது, பாவம், என்றார். அந்தப் பாவம் என்ற சொல்தான் எனக்குள் தங்கிவிட்டது. மற்றவர்கள் அதைப் பார்த்தால் துடைப்பக்கட்டையை எடுப்பார்கள். எனக்கு அங்கேதான் இருபத்தாறு வருஷமாக வேலை, பழைய கட்டுகளை எடுத்துக்கொடுப்பது, திரும்ப வாங்கி அடுக்குவது, காலையில் உள்ளே போனால் மத்தியானம் டீக்கு வெளியே வருவேன், நாள் முழுக்க நான் பேசுவது எண்கள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, கட்டு பதினெட்டு, இல்லை, கிடைக்கவில்லை, நாளைக்கு வாங்க. அந்தக் கட்டடத்தை இடிக்கப்போகிறோம் என்று உத்தரவு வந்த வாரம் இரண்டு சாட்டைத்தேள்களைப் பிடித்து டிபன் பாக்ஸில் போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா, என்னங்க மோர்க்குழம்பா, மணக்கவே இல்லையே, என்றார். நான் ஆமாம் என்றேன். எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடுகிறது.

என் மனைவி பிலோமினா அப்போது வீட்டில் இல்லை. மகள் ஜெனிட்டாவுக்குப் பூனாவில் தலைப்பிரசவம், அதற்குப் போய் நாலு மாசம் ஆகியிருந்தது. இரண்டு மாசத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் திண்டுக்கல்லில் ரயில் ஏறினாள், ஏறுவதற்கு முந்தின நாள் சமையலறையில் எல்லா டப்பாவிலும் காகிதம் ஒட்டி எழுதி வைத்தாள், மல்லிப்பொடி, கடுகு, சாம்பார்பொடி மே வரைக்கும் வரும் என்று. போனதும் குழந்தைக்கு மஞ்சள்காமாலை, பிறகு ஜெனிட்டா வேலைக்குத் திரும்ப வேண்டும், பிறகு பல் முளைக்கிறது, பிறகு இரண்டாவது உண்டாகியிருக்கிறாள். ஒவ்வொன்றும் நிஜமான காரணம், நான் ஒன்றையும் குறைசொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் போன் வரும், சாப்பிட்டீங்களா, பூசைக்குப் போனீங்களா, மாத்திரை போட்டீங்களா, ஆமாம், ஆமாம், ஆமாம். நாலு நிமிஷம். அந்த டிபன் பாக்ஸ் வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அதிசயமாகச் சொல்வதற்கு ஒன்று இருந்தது, சொன்னேன், வீட்டில் ஒரு பூச்சி வளர்க்கிறேன் என்று, போட்டோவும் அனுப்பினேன். அய்யோ மாதாவே, இது பேய்ப்பூச்சி, இது இருக்கிற வீட்டுக்கு நான் வரமாட்டேன் ஆமா, என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு வாராவாரம், பேய்ப்பூச்சி இன்னும் இருக்கா என்பாள், இருக்கு என்பேன், அப்ப நான் வரல என்பாள். மூன்றே முக்கால் வருஷம். சாம்பார்பொடி மே மாசம் தீர்ந்துபோய் அந்த டப்பாவில் நான் இப்போது காபித்தூள் வைத்திருக்கிறேன், காகிதத்தைக் கிழிக்கவில்லை. எனக்கு விளங்காதது இதுதான், எத்தனையோ மதியங்கள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து இதே இடத்தில் வந்து இடித்து நின்றிருக்கிறேன், அவள் வரவில்லை என்பதால் இதை வைத்திருக்கிறேனா, இதை வைத்திருப்பதால் அவள் வரவில்லையா. தூக்கிப்போட எவ்வளவு நேரமாகும், மலையடிவாரத்தில் விட்டுவரக் கற்பாறை இடுக்கா கிடையாது. ஒரு நாள் டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்தும் வைத்தேன். தூக்கிப்போட்டுவிட்டு, போயிடுச்சு, வா, என்று சொல்லி, அப்புறமும் அவள் வராவிட்டால்? அந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன்.

அதன் முதுகில் வெடிப்பு தெரிந்தது. உண்மையில் விளிம்பில், உடம்பின் மேல் ஓட்டைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு, டப்பா மூடி கொஞ்சம் தூக்கினாற்போல, உள்ளேயிருந்து ஏதோ வெளுப்பாக அழுத்துகிறது. நான் மூச்சைக்கூட வாயால் விட்டேன். அப்போதுதான் கீழ்வீட்டில் டிரில்லிங் மிஷினைப் போட்டார்கள். வீட்டுக்காரம்மா மங்கையர்க்கரசி, கணவர் போன பிறகு கீழே தனியாக இருப்பவர், குளியலறைக்குழாய் ஒழுகுகிறது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அதற்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தானா ஆள் கிடைத்தான், சத்தம் சுவர் வழியாக ஏறி வந்து தரையில் என் குதிகாலில் அதிர்ந்தது, கிண்ணத்துத் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியது, பட்டை நடுங்கியது, அது ஒரு காலை எடுத்துவிட்டுத் திரும்ப ஊன்றப் பார்த்தது, ஊன்ற முடியவில்லை, பழைய தோலுக்குள் கால் இருக்கிறதா வெளியே வந்துவிட்டதா, அதற்கே தெரியாத நேரம் அது. தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளலாமா என்று போனேன், பிடித்தால் என் கையின் நடுக்கம் சேர்ந்துகொள்ளும். நிற்கும் என்று காத்திருந்தேன். நின்றது. மறுபடி ஆரம்பித்தது. போய்ச் சொல்ல வேண்டும். போய் என்ன சொல்வது? பதினாலு படிகள். வாடகைக்கு வந்த அன்றைக்கே, நாய் பூனை எதுவும் கூடாது சார் என்று சொல்லியிருந்தார், இது நாயும் இல்லை பூனையும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான். அம்மா, மேலே ஒரு பூச்சி தோலுரிக்கிறது, இரண்டு மணி நேரம் சத்தம் போடாமல் இருக்க முடியுமா. ஐம்பத்தேழு வயசு ஆள். ஒன்பது வருஷமாகக் குடியிருக்கிறேன், மாசம் பிறந்தால் வாடகையை நீட்டிவிட்டு வருவதைத் தவிர அந்த அம்மாவிடம் பத்து வாக்கியம் பேசியிருக்க மாட்டேன். ஏழாவது படியில் அந்த வாக்கியத்தைத் திருத்தினேன், ஒரு உயிர் இருக்கு, சாகக் கிடக்கு. பத்தாவது படியில் அதுவும் சரியில்லை என்று தோன்றியது, பயந்துபோய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிடுவார். கதவைத் தட்டினேன்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். தலையெல்லாம் சிமென்ட் தூசி. "என்ன சார், சத்தம் ரொம்ப இருக்கோ?" என்றார். வாக்கியம் தொண்டைவரைக்கும் வந்தது, எனக்கு அது நினைவிருக்கிறது, பூச்சியின் பூ என்ற எழுத்துக்கு உதடு குவிந்துவிட்டது. ஆனால் வெளியே வந்தது வேறு. "வீட்ல வந்திருக்காங்கம்மா," என்றேன். "விடியக்காலம் வண்டியில. அலைச்சல்ல தலைவலி. இப்பத்தான் கண்ண மூடுனா." அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்திருக்கக் கூடாது. "அட! பிலோமினா வந்துட்டாங்களா! எத்தனை வருஷமாச்சு! சொல்லவே இல்லையே சார் நீங்க, நான்பாட்டுக்கு இங்க இடியிடின்னு இடிச்சிக்கிட்டு இருக்கேன்." திரும்பி உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார், "பாண்டி, மிஷின நிறுத்துப்பா, மேல வீட்டுல அம்மா படுத்திருக்காங்களாம், நாலரைக்கு மேல பாத்துக்கலாம்." குழாய்க்காரர் எட்டிப் பார்த்தார், நாற்பது வயசிருக்கும், மூக்கில் துண்டு கட்டியிருந்தார், "சரிங்கம்மா, நான் போய் ஒரு டீயக் குடிச்சிட்டு வாரேன்" என்று துண்டை அவிழ்த்தார். இரண்டு பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டு, இல்லாத ஒருத்தியின் தூக்கத்துக்காக மெதுவாகப் பேசினார்கள். "எழுந்ததும் சொல்லுங்க சார், நான் வந்து பாக்குறேன்." ஆமாம் என்றேன். படியேறும்போது கால் சத்தம் வராமல் ஏறினேன், மேலே நிஜமாகவே யாரோ தூங்குவது போல.

நல்ல வேளை, விழவில்லை. வெள்ளைக் கோடு அகலமாகி, மூடி முழுதாகத் திறந்து, பழைய உடம்பு மேலே பட்டையைப் பிடித்துக்கொண்டு இருக்க, புது உடம்பு அதிலிருந்து கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவு மெதுவாக, பார்த்துக்கொண்டே இருந்தால் அசைவு தெரியவில்லை, கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் இறங்கியிருக்கிறது. வெள்ளை என்றால் பால் வெள்ளை இல்லை, உரித்த நுங்கு மாதிரி, உள்ளே கொஞ்சம் பச்சை ஓடுகிற வெளுப்பு. அறையில் சத்தமே இல்லை. இந்த அமைதியை நான் பொய் சொல்லி வாங்கினேன் என்ற எண்ணம் வந்தது, உடனே அதன் பின்னாலேயே, விடியக்காலம் வண்டியில என்று எப்படித் தயங்காமல் சொன்னேன் என்ற எண்ணமும் வந்தது, வண்டி நேரம்கூடத் தயாராக இருந்ததே, நான் எப்போது யோசித்து வைத்தேன்? நாலரைக்கு அந்த அம்மா வருவார். என்ன சொல்வேன், திரும்பிப் போய்விட்டாள் என்றா, காலையில் வந்து சாயங்காலம் போகிறவள் பெண்டாட்டியா. இன்னும் தூங்குகிறாள் என்றால் நாளைக்கு வருவார். பிலோ உடம்பு சரியில்லாத நாளில் தூங்கும்போது மூக்குக்கண்ணாடியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, எழுந்ததும் கண்ணைத் திறக்காமலே கையால் மெத்தையெல்லாம் தடவித் தேடுவாள், பலமுறை அது என் பக்கத்தில்தான் இருக்கும், எடுத்துக் கொடுக்கலாம், நான் படுத்துக்கொண்டே அவள் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏன் எடுத்துக் கொடுக்கவில்லை? வம்புக்கு இல்லை. எடுத்துக் கொடுத்தால் ஏதாவது பேச வேண்டியிருக்கும் என்றா? இவ்வளவு சின்ன விஷயத்தை முப்பது வருஷத்தில் எத்தனை தடவை செய்திருப்பேன். சாட்டைக் கால் ஒன்று வெளியே வந்துவிட்டது. இன்னொன்று வரவில்லை. அவ்வளவு நீளத்தையும் அந்தப் பழைய நூல் உறைக்குள்ளேயிருந்து உருவ வேண்டும், இழுக்கிறது, நிற்கிறது, இழுக்கிறது, நிற்கிறது. எனக்கு வலது கை விரல்கள் தானாக மடங்கி விரிந்தன. உதவ முடியாது. கை வைத்தால் அறுந்துவிடும். மூன்றே முக்கால். மூன்று ஐம்பது. மெல்ல, முழுசாக, ஒரு இடத்தில்கூட முறியாமல் வந்தது, வந்து காற்றில் தொங்கி ஒரு தடவை துடித்தது.

அப்போது போன் அடித்தது. சத்தத்தை நிறுத்தி வைக்க மறந்திருந்தேன், பாய்ந்து எடுத்துச் சமையலறை வாசலுக்குப் போய், "சொல்லு பிலோ" என்றேன். "ஏன் ரகசியம் பேசுற மாதிரிப் பேசுறீங்க? உடம்பு சரியில்லையா?" "இல்ல. அது தோலுரிக்குது. சத்தம் ஆகாது." "எது? பேய்ப்பூச்சியா? இன்னும் இருக்கா அது?" வழக்கமான கேள்வி. இருக்கு என்று சொன்னால் போதும், அப்ப நான் வரல என்பாள், சிரிப்போம். நான் வாசலிலிருந்து தொட்டியைப் பார்த்தேன், வெளுத்துப்போய் எலும்பில்லாதது மாதிரித் தொங்குகிறது, ஈரம் காயாதது, இப்போது ஒரு எறும்பு வந்தால்கூட அதனால் எதிர்க்க முடியாது. "பிலோ," என்றேன், "இது போயிட்டா நீ வந்துருவியா?" அந்தப் பக்கம் குழந்தை ஏதோ பாட்டு பாடிக்கொண்டிருந்தது, கதவைச் சாத்தும் சத்தம், பாட்டு சின்னதானது. "ஏங்க," என்றாள். "அதுக்காகத்தான் நான் வரலேன்னு நெசமாவே நெனச்சீங்களா?" "நீதான் சொன்ன." "விளையாட்டுக்குச் சொன்னேன். நீங்க அப்படியே பிடிச்சிக்கிட்டீங்க. சரி, நீங்களும் கூப்பிடல, நானும் அதையே சொல்லிக்கிட்டு இருந்துட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னை உட்காரவைத்தது, சமையலறை வாசப்படியிலேயே உட்கார்ந்தேன். "இங்க சாயங்காலம் பார்க்குல நாலு பேரு இருக்காங்க. ஒருத்தி மலையாளம், ஒருத்திக்கு இந்திதான். எனக்கு அரைகுறையாத்தான் புரியும். ஆனா பேசிக்கிட்டே இருப்போம். அங்க என்னங்க இருக்கு? முப்பது வருஷம் நான் பேசுனேன், நீங்க ஆமான்னு சொன்னீங்க. நான் சுவத்துக்கிட்ட பேசுற மாதிரிதான் இருந்துச்சு. உங்களக் கெட்டவருன்னு சொல்லல. ஒரு நாள் கை நீட்டுனது இல்ல, குடிச்சதில்ல. ஆனா எனக்கு அங்க திரும்பி வரணும்னு தோணல." நான் ஆமாம் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. அவளுக்கும் விழுந்திருக்க வேண்டும், லேசாகச் சிரித்தாள், அழுதுகொண்டே சிரிக்கிறாள் என்று தெரிந்தது. "மாத்திரை போட்டீங்களா?" "போட்டேன்." "ரிட்டயர் ஆனதும் வேணா இங்க வாங்க. வந்து பாருங்க." "பாக்குறேன்." "அது நல்லபடியா வெளிய வந்துருச்சா?" "வந்துருச்சு." "சரி, வச்சிரட்டா?" வை என்றேன். பன்னிரண்டு நிமிஷம் என்று போன் காட்டியது.

திரும்ப நாற்காலிக்கு வந்தேன். துக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை, பெரிய மூட்டை ஒன்றைத் தலையிலிருந்து இறக்கியதும் கழுத்து ஆடுமே, அந்த ஆட்டம்தான் இருந்தது. அப்படியென்றால் இதைத் தூக்கிப்போட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டாள். அப்படியென்றால் இதை வைத்திருந்ததிலும் தப்பில்லை. இதில் எது ஆறுதல் எது அடி என்று பிரிக்க முடியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். அது ஒன்றும் அறியாமல் தொங்கியது. பழைய தோல் அதற்கு மேலே, முள் உட்பட, நகம் உட்பட, அப்படியே முழு உருவமாகப் பட்டையைப் பிடித்திருந்தது, புதிதாகப் பார்ப்பவருக்கு இரண்டு இருப்பதாகத்தான் தோன்றும். நாலரை ஆகியிருக்காது, கதவு தட்டும் சத்தம், அதுவும் விரல் நுனியால், தூங்குகிறவர்களை எழுப்பாத தட்டல்.

மங்கையர்க்கரசி அம்மா நின்றிருந்தார், தலையைக் கழுவி வாரியிருந்தார், தட்டில் இரண்டு டம்ளர் காபி. "எழுந்துட்டாங்களா சார்? தலைவலிக்குச் சூடா குடிச்சா நல்லாயிருக்கும்னு கொஞ்சம் டிகாஷன் தூக்கலாப் போட்டேன்." எழவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த இரண்டு டம்ளரிலிருந்தும் ஆவி போய்க்கொண்டிருந்தது. "அவ வரலம்மா," என்றேன். "வரமாட்டா. நான் பொய் சொன்னேன்." அவர் என்னைப் பார்த்தார், என் தோளுக்குப் பின்னால் வீட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாகக்கூட இருந்திருக்கும். "அப்புறம் எதுக்கு சார் மிஷின நிறுத்தச் சொன்னீங்க?" என்றார். நான் கதவை முழுக்கத் திறந்து விலகி நின்றேன்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார், தொட்டிக்கு முன்னால் போனதும் "முருகா" என்று ஒரு அடி பின்னால் வைத்தார், தட்டில் காபி தளும்பியது. ஓடிவிடுவார், கீழே போய் மகனுக்குப் போன் போடுவார், மாசக் கடைசியில் வீட்டைக் காலி பண்ணுங்க என்பார் என்று நான் வரிசையாக நினைத்து முடிப்பதற்குள் அந்த ஒரு அடியை முன்னால் வைத்துவிட்டார். குனிந்தார். "என்னா வெள்ளை. இதுவா சார், இதுக்காகவா?" "சத்தத்துல விழுந்துட்டா செத்துரும்மா. போன தடவ ஒண்ணு செத்துருச்சு." "கொட்டுமா?" "கொட்டாது. கொடுக்கே கிடையாது." "அது மேல இருக்குறது அதோட சோடியா?" "இல்லம்மா, அது அதோட பழைய தோலு." அவர் வெகுநேரம் பார்த்தார். மூச்சு கண்ணாடியில் பட்டு மங்கியது, முந்தானையால் துடைக்கப் போனவர் நான் சொல்லாமலே கையை இழுத்துக்கொண்டார். பிறகு தட்டை என்னிடம் நீட்டினார், நான் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டேன், இன்னொன்று தட்டிலேயே இருந்தது, அதை என்ன செய்வது என்று இரண்டு பேருமே பார்த்தோம். "ஆறுதே," என்று சொல்லி அவரே எடுத்துக்கொண்டு கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். "பாண்டிய நாளைக்கு வரச்சொல்லிட்டேன். இத எங்க சார் பிடிச்சீங்க?" என்று கேட்டார். ரெக்கார்டு ரூமில் என்று ஆரம்பித்தேன், அந்தக் கல் சுவர் எப்படி இருக்கும், மழைக்காலத்தில் கட்டுகள் எப்படி ஊறி வீங்கும், முதன்முதலில் ஒரு சாட்டைக் கால் பெட்டிக்கடியிலிருந்து வந்து என் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனபோது நான் கையை எடுக்காமல் எவ்வளவு நேரம் வைத்திருந்தேன், எல்லாவற்றையும். இதில் ஒன்றையும் நான் பிலோவிடம் சொன்னதில்லை என்பது பாதியில்தான் உறைத்தது. நிறுத்தத் தெரியாமல் சொல்லிக்கொண்டே போனேன், அந்த அம்மா காபியை உறிஞ்சியபடி, "ம்", "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.